ஃப்ரீசரிடம் சொல்லிவிடவும்

அக்டோபர் 24, செவ்வாய்

இந்துவை இன்று காலை மதுரை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தோம். ஆயுத பூஜைக்கு அருப்புக்கோட்டை வந்து, அப்படியே தலை தீபாவளி வரை அவள் அம்மா வீட்டிலேயே இருந்துவிட்டுப் போவது என்றுதான் திட்டம். இரண்டு பேருக்கும் வீட்டிலிருந்தே வேலை. வந்த சுருக்கில் அவளுடைய ஆபீசில் ஏதோ தலைபோகிற காரியம் என்று ஹைதராபாத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். நானும் பெங்களூருக்கே திரும்பிவிடுகிறேன் என்றேன். மாமா விடவில்லை. "தலை தீவாளிக்கு வந்த மாப்பிள்ளையத் திருப்பி அனுப்பிட்டாகன்னு ஊரு பேசவா? இருங்க மாப்ள" என்றார். இருக்கிறேன். ரயிலில் யாரோ மறந்துவிட்டுப் போன பை மாதிரி இருக்கிறேன்.

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது. பேச ஆளில்லாததால் எழுதுகிறேன். மாமா ராமசுப்பு பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். தீபாவளி சீசன் என்பதால் காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். மிச்சமிருப்பது அத்தை சௌந்தரவல்லி. அத்தை என்னிடம் பேச மாட்டார்.

கோபமெல்லாம் இல்லை. மாமியார் மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் பேசுவது இந்தக் குடும்பத்தில் மரியாதைக் குறைவாம். சித்திரையில் கல்யாணம் ஆனதிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. சொல்ல வேண்டியதை மாமாவிடமோ இந்துவிடமோ சொல்வார். அவர்கள் என்னிடம் சொல்வார்கள். அதற்குள் நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டு முடித்திருப்பேன்.

இது எத்தனை வருஷத்துக்கு என்று மாமாவிடம் கேட்டேன்.

"எங்க மாமியா எங்கிட்ட மொத்தமே ரெண்டு தடவதான் பேசுனாக மாப்ள. ஒருக்கா வீடு தீப்பிடிச்சப்ப, 'வெளிய வாங்க'ன்னாக."

"ரெண்டாவது?"

"தீ அணைஞ்ச பெறகு, 'உள்ள வாங்க'ன்னாக."

எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. என் அம்மா நான் கல்லூரியில் படிக்கும்போதே போய்விட்டார். வீட்டில் ஒரு அம்மா குரல் கேட்டு வெகுகாலம் ஆகிறது, பழகிவிட்டது. வருத்தம் ஒன்றும் இல்லை என்று இன்னொரு தடவை எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 25, புதன்

இன்று ஒரு புதுமை நடந்தது.

மத்தியானம் வீட்டில் நானும் அத்தையும் மட்டும். நடுவில் தூது சொல்ல ஒரு ஜீவன் இல்லை. சாப்பாட்டு நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. குழம்பு வாசனை வந்தது, அழைப்பு வரவில்லை. நானாகப் போய் உட்கார்ந்தால் தலை தீபாவளி மாப்பிள்ளையின் கௌரவம் என்னாவது? நான் கூடத்தில் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தை சமையலறை வாசலுக்கு வந்து நின்றார். சுற்றும் முற்றும் பார்த்தார். கூடத்தின் மூலையில் நிற்கும் ஃப்ரீசரைப் பார்த்துச் சொன்னார்:

"ஏத்தா, சோறு ஆறுது. மாப்பிள்ளை சாப்பிட வரலாம்ல?"

நான் லேப்டாப்பை மூடினேன். பிறகு நானும் ஃப்ரீசரைப் பார்த்தேன். "அஞ்சு நிமிஷத்துல வரேன்னு சொல்லு" என்றேன்.

ஃப்ரீசர் தகவலைச் சரியாகச் சேர்த்துவிட்டது. ஐந்து நிமிஷத்தில் இலை போட்டிருந்தது.

இந்த ஃப்ரீசரைப் பற்றி எழுத வேண்டும். இது சாதாரண ஃப்ரிட்ஜ் இல்லை. பீரோ உயரத்துக்கு நிற்கிற, உறைய வைப்பதற்கு மட்டுமேயான பெட்டி. உள்ளே வரிசையாக இழுப்பறைகள். ஆடித் தள்ளுபடியில் நான்தான் அத்தைக்கு வாங்கிக் கொடுத்தேன். துருவிய தேங்காய், உரித்த பட்டாணி, மொச்சை, அரைவேக்காட்டுச் சப்பாத்தி என்று எங்களுக்குப் பெங்களூருக்குக் கொடுத்தனுப்பிக்கொண்டே இருப்பார். பழைய ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் இடம் போதவில்லை. அதனால் வாங்கினேன். அத்தை வாயிலிருந்து ஒரு "நல்லாருக்கு மாப்ள" வரும் என்று எதிர்பார்த்து வாங்கியதாக இந்து சொல்வது அபாண்டம்.

வரவும் இல்லை. ஆனால் அத்தை அதற்கு ஓர் உறை தைத்துப் போட்டார். ஆகாய நீலத்தில் பளபளக்கிற சாட்டின் துணி, தலையிலிருந்து கால்வரை, கதவு தவிர எல்லாப் பக்கமும் மூடி, விளிம்பெல்லாம் ஃப்ரில். கைப்பிடிக்குத் தனியாக ஒரு குட்டி உறை. ஆயுத பூஜைக்கு அதன் கதவில் மேலிருந்து கீழ்வரை சந்தனம் குங்குமம் வைத்து மாலையும் போட்டாயிற்று. என் லேப்டாப்புக்கு ஒரே ஒரு பொட்டுதான்.

அக்டோபர் 27, வெள்ளி

காலையிலிருந்து ஃப்ரீசர் உறுமுகிறது. நிறுத்தாமல் ஓடுகிறது.

"ஏத்தா, என்ன இந்த உறுமு உறுமுற? மாப்பிள்ளை வாங்கிக் குடுத்ததுங்கிற திமிரா? வீட்டுல இன்ஜினியரு இருக்காக, தெரியும்ல?" என்று அத்தை அதட்டினார்.

இதற்கு மேல் ஒரு மனிதன் சும்மா இருக்க முடியுமா? நான் படித்தது மெக்கானிக்கல். பார்ப்பது சம்பளப் பட்டியல் போடுகிற மென்பொருளில் பிழை தேடும் வேலை என்பது வேறு விஷயம். எழுந்து போய் ஃப்ரீசரைச் சுற்றி வந்தேன். உறையைத் தூக்கிப் பார்த்தேன். "ம்ம்" என்றேன். மெக்கானிக்குகள் முதலில் இதைத்தான் சொல்வார்கள்.

ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி அதன் தலையில் வைத்தேன். தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. பெட்டி மட்டமாக இல்லை, அதனால் ஆடுகிறது, அதனால் சத்தம். முன்கால்களைத் திருகி ஏற்றினேன். பின்காலுக்கு இனிப்புப் பெட்டி அட்டையை மடித்து முட்டுக் கொடுத்தேன். டம்ளரை எடுக்கும்போது தண்ணீர் என் சட்டையில் கொட்டியது. ஆனால் சத்தம் பாதியாகக் குறைந்தது.

"பரவால்லையே, கை வச்சதும் அடங்கிட்ட" என்றார் அத்தை.

பாராட்டு ஃப்ரீசருக்கா எனக்கா தெரியவில்லை. நானே எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 29, ஞாயிறு

இழுப்பறை எதுவும் வெளியே வரவில்லை. உள்ளே உறைபனி சுவர்போல வளர்ந்து எல்லாவற்றையும் கவ்விப் பிடித்திருக்கிறது. அத்தை இழுத்துப் பார்த்து, நான் இழுத்துப் பார்த்து, கடைசியில் ஃப்ரீசரே என்னை நோக்கி நடந்து வந்தது.

முழுக்க நிறுத்திப் பனியை இளக்க வேண்டும் என்று ஃப்ரீசரிடம் அறிவித்தேன். உள்ளே கைக்குக் கிடைத்ததையெல்லாம் எடுத்து ஜமுக்காளத்தில் சுற்றினேன். ஜமுக்காளம் போதவில்லை. எங்கள் கல்யாணச் சீர் போர்வைக்குள் பட்டாணியும் மொச்சையும் கட்டிலில் படுத்துக்கொண்டன. தட்டுகளில் வெந்நீர்ச் சட்டிகளை வைத்து, கதவைத் திறந்து போட்டு, எதிரில் மேஜை விசிறி. இதுவரை எல்லாம் முறைப்படி. அதன் பிறகு பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். அது என் ஜாதகத்திலேயே கிடையாது.

பனியைக் கூர்மையான எதனாலும் குத்தக்கூடாது. உட்சுவருக்குப் பின்னால் வாயு ஓடுகிற குழாய் இருக்கிறது. அதில் ஓட்டை விழுந்தால் பெட்டிக்குச் சங்குதான். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே தோசைக்கரண்டியை எடுத்துக் குத்தினேன்.

"ஏத்தா, வலிக்குதா?" என்று சமையலறை வாசலிலிருந்து குரல் வந்தது.

"மெதுவாத்தான் குத்துறேன்னு சொல்லு."

"அது தோசக்கரண்டி. நாளைக்குக் காலையில தோச ஊத்தணும்னு சொல்லு."

"கழுவித் தந்துடறேன்னு சொல்லு."

அத்தை சிரித்ததுபோல் இருந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு பெரிய பனிப்பாளம் பெயர்ந்து என் கால் கட்டைவிரலில் விழுந்தது. நான் கத்திய கத்தலில் மாடியில் உலர்ந்துகொண்டிருந்த வடகத்தைக் கொத்த வந்த காக்கைகள் பறந்துபோனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அத்தை ஓடிவந்து, என் கால்முன் ஒரு துணியைப் போட்டு, அதே பனிப்பாளத்தை உடைத்து அதில் வைத்து, ஃப்ரீசரைப் பார்த்து, "விரலுல ஒத்தடம் குடுக்கச் சொல்லு. வீங்கிரும்" என்றார். ஐஸ் விழுந்த காலுக்கு ஐஸ் ஒத்தடம்.

இன்று மட்டும் அத்தை ஃப்ரீசரிடம் எவ்வளவு பேசினார் என்று யோசித்துப் பார்க்கிறேன். கல்யாணத்திலிருந்து இதுவரை எனக்குத் தூது விட்டுப் பேசியதைவிட அதிகம். சும்மா ஒரு தகவலுக்காக எழுதுகிறேன்.

அக்டோபர் 31, செவ்வாய்

ஃப்ரீசர் அருமையாக ஓடுகிறது. சத்தமே இல்லை. வீட்டிலும் சத்தமே இல்லை.

நவம்பர் 1, புதன்

அத்தை காப்பி டம்ளரை மேஜையில் 'டொக்' என்று வைத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான் இன்றைய உரையாடல்.

நவம்பர் 2, வியாழன்

நல்ல செய்தி. மீண்டும் பனி கட்டுகிறது!

நல்ல செய்தி என்று ஏன் எழுதினேன் தெரியவில்லை. கெட்ட செய்தி. மீண்டும் பனி கட்டுகிறது.

இந்தத் தடவை அறிவியல் முறையில் இறங்கினேன். ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்க்க வேண்டும். இறுக்கமாக நின்றால் கதவு ரப்பர் சரியாக ஒட்டுகிறது என்று அர்த்தம். வழுக்கிக்கொண்டு வந்தால் வெளிக்காற்று உள்ளே போகிறது, அதில் இருக்கிற ஈரம்தான் பனியாகிறது. மேலே காகிதம் கிழியும் அளவுக்கு நின்றது. கீழ் மூலையில் கூப்பிடாமலே வந்தது.

குனிந்து பார்த்தால் இரண்டு குற்றவாளிகள். ஒன்று, ஆயுத பூஜைச் சந்தனம். ரப்பரின் மேலேயே அப்பி, காய்ந்து, செதில் செதிலாக நிற்கிறது. இன்னொன்று, உறையின் ஃப்ரில். கதவோரத்தில் தொங்கி, மூடும்போதெல்லாம் உள்ளே சிக்கிக்கொள்கிறது. போதாததற்கு, இந்த மாதிரிப் பெட்டிகள் பக்கச் சுவர் வழியாகத்தான் சூட்டை வெளியே விடும். நாம் அதற்குச் சாட்டின் சட்டை போட்டு வைத்திருக்கிறோம்.

சந்தனத்தை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்து எடுத்துவிட்டேன். உறையைப் பற்றி எப்படிச் சொல்வது? எனக்காக அத்தை செய்த ஒரே காரியம் அது. எனக்காக இல்லை, ஃப்ரீசருக்காக. இரண்டும் ஒன்றுதான். ஃப்ரில்லை மட்டும் வெளியே எடுத்துவிட்டு, "ரப்பர்ல அழுக்குன்னு சொல்லு" என்றேன்.

"அப்பிடியா சங்கதி! நானும் இந்த இன்ஜினியரு என்னத்தக் கண்டுபிடிக்கப் போறாகன்னு நெனச்சேன் பாரு" என்றார் அத்தை ஃப்ரீசரிடம். கூடத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். முன்பெல்லாம் அவர் நான் இருக்கிற கூடத்தில் உட்காரவே மாட்டார்.

நவம்பர் 3, வெள்ளி

இந்து போனில், "ஃப்ரீசர் சரியாயிடுச்சா?" என்று கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் கவனிக்கணும். சிக்கலான கேஸ்" என்றேன்.

"மெக்கானிக்கக் கூப்பிட வேண்டியதுதான?"

"தீபாவளி நேரத்துல யாரும் வரமாட்டாங்க."

"கூப்பிட்டுப் பாத்தியா?"

சிக்னல் சரியாக இல்லாததால் வைத்துவிட்டேன்.

நவம்பர் 5, ஞாயிறு

காலையில் பார்த்தால் ஃப்ரில் மறுபடி கதவுக்குள் சிக்கியிருந்தது. நன்றாக ஞாபகம் இருக்கிறது, வியாழக்கிழமை வெளியேதான் எடுத்துவிட்டேன். காற்றாக இருக்கும். கூடத்தில் காற்று இல்லை. ஏதோ ஒன்று. மீண்டும் எடுக்கலாமா என்று யோசித்து, முதலில் காப்பி குடிக்கலாம் என்று போனேன். பிறகு மறந்துவிட்டேன்.

மத்தியானம் கீழ் இழுப்பறையில் மட்டும் பனி சுரண்டிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை மரக்கரண்டி. அத்தை முறுக்கு மாவு பிசைந்துகொண்டே கேட்டார்:

"ஏத்தா, தீவாளிக்கு மாப்பிள்ளைக்கு அவுக அம்மா என்ன பலகாரம் செஞ்சு குடுப்பாகளாம்?"

யாரும் இதுவரை என்னிடம் இதைக் கேட்டதில்லை. ரவா லட்டு என்று சொல்லச் சொன்னேன். கிராம்பை அள்ளிப் போட்டுவிடுவார், ஒரு கடி கடித்தால் நாக்கு மரத்துவிடும், சிதம்பரத்தில் எங்கள் தெருவே அதைப் பார்த்தால் ஓடும், நானும் அப்பாவும் மட்டும் சாப்பிடுவோம் என்று சொல்லச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி தீபாவளிக்குக்கூட அப்பாவைச் செய்யச் சொல்லி, கிராம்பு போதாது என்று குறை சொன்னார் என்று சொல்லச் சொன்னேன். என்னென்னவோ சொன்னேன். ஃப்ரீசர் பொறுமையாகக் கேட்டது. அத்தையின் கை மாவிலேயே நின்றிருந்தது.

சாயங்காலம் என் மேஜையில் ஒரு தட்டு. ரவா லட்டு. ஒவ்வொன்றிலும் முள்ளுமுள்ளாகக் கிராம்பு குத்தியிருந்தது. நாக்கு மரத்துப்போய் இரவு மாமாவிடம் சரியாகப் பேச முடியவில்லை. தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் படுத்தேன்.

நவம்பர் 7, செவ்வாய்

மீட்டிங்குக்கு நடுவில் தண்ணீர் குடிக்க வெளியே வந்தேன். அத்தை ஃப்ரீசர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கதவைத் திறந்து, ஃப்ரில்லின் நுனியைப் பிடித்து, கவனமாக உள்ளே செருகி, கதவைச் சாத்தி, ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

பெரியவர்கள். கவனக்குறைவு. வேறென்ன இருக்கும்?

நான் சத்தம் போடாமல் அறைக்குத் திரும்பிவிட்டேன். தண்ணீர் குடிக்கவில்லை. ஏனோ சந்தோஷமாக இருந்தது.

நவம்பர் 8, புதன்

"ஏத்தா, மறுபடியும் உறுமுறியே. இன்ஜினியர் ஐயாவக் கூப்பிடட்டா?"

"மீட்டிங் முடிஞ்சு வரேன்னு சொல்லு."

மீட்டிங்கை ரத்து செய்துவிட்டேன்.

நவம்பர் 9, வியாழன்

வீட்டில் பரபரப்பு. தீபாவளி மத்தியானம் சொந்தபந்தம் எல்லாரும் இங்கேதான் சாப்பாடு. தலை தீபாவளி மாப்பிள்ளையைப் பார்க்க வருகிறார்களாம். குறிப்பாக அத்தையின் அக்கா வேலுத்தாய் பெரியம்மா. குடும்பத்தின் முறை, வழக்கம் எல்லாவற்றுக்கும் காவல் அவர்தான். கல்யாணத்தில் நான் இடது கையால் தாம்பூலம் வாங்கியதை இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்.

தீபாவளியன்று கறிக்கடையில் கூட்டம் அலைமோதும் என்று மாமா இன்றைக்கே ஆட்டுக்கறியும் நாட்டுக்கோழியும் வாங்கி வந்துவிட்டார். கறியைக் கழுவி, மஞ்சள் தடவி, ஃப்ரீசர் நிறைய அடுக்கியாயிற்று. மாமா கதவைத் தட்டிக் கொடுத்து, "நம்ம மாப்ள வாங்கிக் குடுத்த பெட்டிங்கிறதால தைரியமா வாங்கிட்டேன். வேலுத்தாய் அக்கா வீட்டு மருமகன் வெறும் மிக்சிதான வாங்கிக் குடுத்தான்" என்றார்.

அத்தையைப் பார்த்தேன். அத்தை ஃப்ரில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 10, வெள்ளி

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலையில் எழுந்து கூடத்துக்கு வந்தால் தரையில் தண்ணீர். ஃப்ரீசரிடம் சத்தமே இல்லை. கீழ் மூலையில் ஃப்ரில் தடிமனாக உள்ளே சிக்கி, கதவு விரல் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. உறைக்குள் கையை விட்டேன். பக்கச் சுவர் தோசைக்கல்லாகக் கொதித்தது. ராத்திரி முழுக்க ஓடி ஓடி, சூடு தாங்காமல் மோட்டார் நின்றுவிட்டது.

அத்தை ஓடிவந்தார். கதவைத் திறந்தார். மேல் தட்டில் கறி இளகத் தொடங்கியிருந்தது. எல்லாமே போய்விடும் போலிருந்தது, கறியும், என் மானமும், அத்தையின் மானமும். அத்தை வழக்கம்போல் ஃப்ரீசரைப் பார்த்து, "ஏத்தா..." என்று ஆரம்பித்தார். அதுவே செத்துக் கிடக்கிறது, அதனிடம் எதைச் சொல்ல? மாமா குளித்துக்கொண்டிருந்தார். அத்தை கிரைண்டரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பாத்துக்கிட்டே நிக்கிறீகளே மாப்ள! தூக்குங்க!"

நான் அசையவில்லை. அந்தக் குரல் என்னிடம்தான் வந்தது என்று புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"காது கேக்கலையா? அந்தத் தட்ட உருவுங்க! இன்ஜினியருன்னு சொல்லித்தான பொண்ணக் குடுத்தோம்! தோசக்கரண்டிய வச்சுச் சொரண்டு சொரண்டுன்னு சொரண்டுனீக, என்னத்தக் கண்டீக?"

"துணிதான் அத்தை" என்றேன். "உறைதான். கதவுல சிக்குது, பக்கத்துல மூச்சு விட முடியல."

"தெரிஞ்சே வாய மூடிக்கிட்டு இருந்தீகளா?"

"நீங்க தச்சது. எப்படிக் கழட்டச் சொல்றது?"

"தச்சா என்ன, தலையில வச்சுக் கொண்டாடவா? சொன்னாத் தூக்கிக் கெடாசிட்டுப் போறேன்!"

"நீங்களும்தான் அத்தை, செவ்வாய்க்கிழமை அந்த ஃப்ரில்ல..."

அத்தை சட்டென்று குனிந்து கோழியைக் கணக்குப் பார்க்க ஆரம்பித்தார். காதெல்லாம் சிவந்துபோயிருந்தது. நானும் மேலே சொல்லவில்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் ஓட்டம்தான். மாமா தலையில் சோப்பு நுரையோடு வெளியே வந்து, நிலைமையைப் பார்த்து, கடையைத் திறந்து புத்தம்புது அண்டாக்களை ஆட்டோவில் ஏற்றி வந்தார். ஐஸ் ஃபேக்டரியிலிருந்து பாளம் பாளமாக ஐஸ் வந்தது. அண்டாவில் ஒரு வரிசை ஐஸ், ஒரு வரிசை கறி, மேலே சாக்கு. அந்த அண்டாக்களை இனி யாரிடமும் புதுசு என்று விற்கக்கூடாது என்று மாமாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

உறையை நானும் அத்தையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உருவினோம். பெட்டியைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தினேன். பின்பக்கம் அடைந்திருந்த தூசியைக் கூட்டினேன். கதவைத் திறந்து வைத்துப் பனி முழுக்கத் தானாகவே இளகும் வரை கை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் முதல் தடவை. துடைத்து, ரப்பரைக் கழுவி, காயவிட்டு, சாயங்காலம் சுவிட்சைப் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. அத்தை என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். பிறகு உள்ளே ஏதோ சொடுக்கியது, மோட்டார் மெல்ல முனகி ஓட ஆரம்பித்தது.

"ஓடுது மாப்ள!" என்று அத்தை கத்தினார். என் முதுகில் ஓர் அடியும் விழுந்தது. இன்னும் எரிகிறது.

நவம்பர் 11, சனி

ராத்திரியெல்லாம் காலியாக ஓடி நன்றாகக் குளிர்ந்துவிட்டது. காலையில் கறியைத் திரும்ப அடுக்கியாயிற்று. காகிதம் எல்லா மூலையிலும் இறுக்கமாக நிற்கிறது. இனி பழுது வராது.

அத்தை இன்று என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. காப்பி டம்ளர் 'டொக்'. ஃப்ரீசரிடமும் பேசவில்லை. இந்து மத்தியானம் வந்துவிட்டாள். ஆகவே பழையபடி, "மாப்பிள்ளைக்குச் சட்டை அளவு சரியாருக்கான்னு கேளுடி." நான் பக்கத்தில்தான் நின்றேன்.

தீப்பிடித்த வீட்டில் பேசியது மாதிரிதான் போலிருக்கிறது. தீ அணைந்துவிட்டது. நேற்று இவ்வளவு திட்டு வாங்கிக்கொண்டு நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. கூடத்தில் வெள்ளை வெளேரென்று உறையில்லாமல் நின்ற அந்தப் பெட்டியைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. எழுதிவிடுகிறேன், அழுதேன். வெங்காயம் என்று இந்துவிடம் சொன்னேன். "எங்க வெங்காயம்?" என்று கேட்டாள்.

நவம்பர் 12, ஞாயிறு, தீபாவளி

எண்ணெய்க் குளியல், புதுச்சட்டை, வெடி எல்லாம் முறைப்படி ஆயிற்று. மத்தியானம் கூடத்தில் பந்தி. எனக்கு நடு இலை. வலப்பக்கம் மாமா, இடப்பக்கம் வேலுத்தாய் பெரியம்மா. எதிரே சுவரோரம் ஃப்ரீசர்.

கறியில் ஒரு குறையும் இல்லை. பெரியம்மாவே இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். "பெட்டி நல்லாத்தான் வேல செய்யுது. துணியக் கிணியப் போட்டு மூடக்கூடாதா, மொட்டையா நிக்குது" என்றார். நானும் அத்தையும் ஒரே நேரத்தில் இருமினோம்.

பரிமாறுவது இந்து. அத்தை சமையலறை வாசலில் நின்றபடியே சொல்லிக்கொண்டிருந்தார்: "மாப்பிள்ளைக்கு ரசம் ஊத்துடி." "மாப்பிள்ளை எலையப் பாருடி." பெரியம்மா திருப்தியாகத் தலையாட்டினார். நான் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ருசி தெரியவில்லை.

இந்து அப்பளம் எடுக்க உள்ளே போனாள். யாரோ வந்து என் இலைமுன் நின்றார்கள். நிமிர்ந்தால் அத்தை. கையில் கறி வாளி.

"மாப்ள, இன்னும் ரெண்டு துண்டு வைக்கட்டா?"

பந்தி அப்படியே நின்றது. மாமா வாய்க்குக் கொண்டுபோன எலும்பைப் பாதியில் நிறுத்தினார். பெரியம்மா, "ஏ சௌந்தரம்! மாப்பிள்ளைகிட்டயா பேசுற?" என்றார். அத்தை அவர் பக்கம் திரும்பவில்லை. வாளியில் கரண்டியை விட்டபடி காத்திருந்தார்.

என் தலை தானாக எதிர்ச்சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டது. ஃப்ரீசரைப் பார்த்து, "போதும்னு சொல்லு" என்றேன்.

"அது கெடக்குது" என்றார் அத்தை. "நான் இங்கனதான நிக்கிறேன்? என்னப் பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன்.

"வைங்க அத்தை" என்றேன்.